கோசிமா கிழித்த கடல்

கோசிமா லத்தாரூலோ எங்கள் துறைமுக ஊரின் மீன் சந்தையில் மட்டி உடைப்பவள். சந்தையின் பின்பக்கம், ஐஸ் கட்டி இறக்கும் இடத்தை ஒட்டி அவளுக்கென்று ஒரு கல்மேடை உண்டு. குட்டைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் நுழைத்து ஒரு திருகு திருகினால் மட்டி வாயைத் திறந்துவிடும். அதற்கு முன்பே அவள் வாய் திறந்திருக்கும். எடைக்காரனைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், நகரசபையைத் திட்டுவாள். கட்டிய கணவனை மட்டும் அவள் திட்டி யாரும் கேட்டதில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த ஒரோன்சோதான் அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

உப்பளம் பேட்டையில் நகராட்சி கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளில் மூன்றாவது கட்டடம், ஐந்தாம் மாடி அவர்கள் வீடு. பேட்டைப் பெயரைச் சொன்னாலே ஊரில் மற்றவர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பேட்டைக்காரர்களுக்கு ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருந்தது. பால்கனியில் நின்றால் விளையாட்டரங்கம் தெரியும். அரங்கத்தின் கிழக்குப் பக்கத்துப் படிவரிசை தாழ்வானது. அதற்கு மேலாகப் பார்த்தால் புல்தரையும் ஓடுபாதையும் கண்ணுக்குள் வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை கால்பந்தாட்டம் என்றால் மடியில் பாஸ்தா தட்டோடு கட்டடமே பால்கனிக்கு வந்துவிடும். வெளியூர் ரசிகர்கள் திரும்பிப் பார்த்து விரலைக் காட்டுவார்கள். இவர்கள் தக்காளிச் சாறு சொட்டும் முள்கரண்டியைக் காட்டிப் பதில் சொல்வார்கள்.

ஒரோன்சோ அந்தப் புல்தரையின் பொறுப்பாளனாக இருந்தவன். விதைத்தது, வெட்டியது, சுண்ணாம்புக் கோடு போட்டது எல்லாம் அவன்தான். ஒரு குளிர்காலத்தில் விளக்குக் கோபுரத்தின் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடம் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாயிற்று. பழுது பார்ப்பதாக வீட்டுவசதி அலுவலகம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரோன்சோ அன்றிலிருந்து கீழே இறங்கவில்லை. டாக்டர் மேலே வந்தார். முடி வெட்டுபவன் மேலே வந்தான். ஈஸ்டருக்குப் பாதிரியார் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக எதிர்வீட்டு இப்பாட்சியாவின் மகன்கள் இருவரும் பலமுறை கேட்டார்கள். இரண்டு பேரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், ஆளுக்கொரு காளை மாதிரி.

"போங்கடா. தேர்ல சிலையைத் தூக்கிட்டுப் போற மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போவீங்க, சனம் வழியில நின்னு சிலுவை போட்டுக்கும். என் காலால இறங்கணும், இல்லாட்டி லிஃப்ட்ல இறங்கணும்" என்பான்.

"அப்ப செத்துத்தான் இறங்குவே" என்பாள் கோசிமா.

"செத்தாலும் லிஃப்ட்லதான்."

பால்கனியே அவன் உலகமாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயமோ தீயணைப்புக்காரர்களின் கயிறு இழுக்கும் போட்டியோ எதையும் விடமாட்டான். ஆட்டம் இல்லாத நாட்களில் புல்லைப் பார்ப்பான். "வடக்கு மூலையில தண்ணி நிக்குது. அந்தப் புதுப் பையனுக்குக் கண்ணு எங்கே இருக்கு?" என்று ஐந்து மாடி உயரத்திலிருந்து கத்துவான். அவன் இடத்துக்கு வந்த அந்தப் புதுப் பையன் கேட்காத மாதிரி போய்விடுவான்.

கடலைச் சுற்றியுள்ள நாடுகளெல்லாம் கூடும் பெரிய விளையாட்டு விழா எங்கள் ஊருக்கு வருகிறது என்ற செய்தி வந்தபோது மற்றவர்கள் நம்பவில்லை. ஒரோன்சோ மட்டும் நம்பினான். நாடு நாடாக வீரர்கள் கொடி பிடித்து வரும் தொடக்க விழா அவனுடைய புல்லின் மேல் நடக்கப் போகிறது. இரண்டு வருடம் அரங்கத்தில் வேலை நடந்தது. நாற்காலிகள் மாறின, ஓடுபாதை செங்கல் நிறத்துக்கு வந்தது, கழிப்பறைகளுக்குக்கூடப் பளிங்கு போட்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணி அடிக்கப்படவில்லை.

ஜூன் மாதம் விழாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சாரம் எழும்பியது. கோசிமா சந்தையிலிருந்து வந்தவள் சாரத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். இப்பாட்சியாவும் அப்படித்தான் நினைத்தாள்.

"என்ன கலர்னு கேட்டியா அக்கா? மஞ்சள் அடிச்சா நல்லா இருக்கும்."

"எந்தக் கலரா இருந்தா என்ன, உள்ள ஈரம் ஊறுறது நிக்கப் போகுதா?"

மறுநாள் கிரேன் வந்தது. மொட்டைமாடியிலிருந்து தடித்த பிளாஸ்டிக் துணி ஒன்றை இறக்கினார்கள். சுருள் பிரிந்து பிரிந்து மாடி மாடியாக இறங்கி முதல் மாடி வரை வந்து நின்றது. வெளியே இருந்து பார்த்தால் அழகுதான். நீலக் கடல், வெள்ளைப் பாய்மரங்கள், கரையில் ஒலிவ மரங்கள். உள்ளே இருந்தவர்களுக்குப் பகலிலேயே அந்தி வந்துவிட்டது. சுவர் நீலம், சோறு நீலம், ஒரோன்சோவின் முகம் நீலம். காற்று நின்றுபோயிற்று. மீன் பொரித்த வாசனை இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஒரோன்சோ பால்கனியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் கையெட்டும் தூரத்தில் துணி தொங்கியது.

"என்னடி இது?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். கோசிமாவுக்கு அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

விழாக் குழுவிலிருந்து சர்னெல்லி என்று ஒருவர் கூட்டம் போட வந்தார். லினன் சட்டை, காலுறை இல்லாத காலணி. கீழ்த்தளத்தில் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் கூடினார்கள்.

"இது உங்களை மறைக்கிறதுக்கு இல்லைங்க. கட்டடத்தை அலங்கரிக்கிறதுக்கு. உலகமே டிவியில பார்க்கப் போகுது. உங்க பேட்டை ஒரு ஓவியமா தெரியப் போகுது."

"எங்க பேட்டையா தெரியாதே, சார்" என்றாள் கோசிமா.

"மூணே வாரம்தான்மா."

"அந்த மூணு வாரத்துலதானே விழா? அதுக்கப்புறம் துணியை எடுத்துட்டா காலி மைதானத்தை உட்கார்ந்து பார்க்கிறதா?"

சர்னெல்லி சிரித்தார். கோபம் வராத ஆள். அதுதான் அவரிடம் பிரச்சினை. பையிலிருந்து உறைகளை எடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் தொடக்க விழாவுக்கு இரண்டு அனுமதிச் சீட்டு, இலவசம். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தச் சீட்டுக்காக ஊரில் சட்டையைக் கிழித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள். கைகள் நீண்டன. இப்பாட்சியாவின் கையும் நீண்டது.

கோசிமா உறையை வாங்கிப் பார்த்தாள். "ஐந்தாம் மாடியில என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில இருக்கார். லிஃப்ட் ஓடி நாலு வருஷமாச்சு. இந்தச் சீட்டுல அவர் எப்படி இறங்குவார், சொல்லுங்க?"

"லிஃப்ட் வீட்டுவசதி அலுவலகத்தோட பொறுப்பு. எங்க பொறுப்பு இல்லை."

"துணி தொங்கவிட மட்டும் எங்க கட்டடம் உங்க பொறுப்பு ஆயிடுச்சா?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் யாரும் உறையைத் திருப்பித் தரவில்லை. கோசிமா தன்னுடையதை ஒரு சைக்கிள் இருக்கையின் மேல் வைத்துவிட்டு மேலே ஏறினாள். பின்னாலேயே இப்பாட்சியா ஓடி வந்தாள்.

"அக்கா, ஏன் எல்லார் முன்னாலயும் சண்டை போடறே? ஒரு தடவையாவது நாம அழகா தெரியட்டுமே."

"அழகா தெரியப்போறது நாம இல்லடி. துணி."

இப்பாட்சியாவின் மகன்கள் அன்று மாலை ஒரோன்சோவிடம் மறுபடி கேட்டார்கள். அரங்கம் வரை தூக்கிப் போகிறோம், சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தனி இடமே இருக்கிறதாம், வா மாமா என்றார்கள். அவன் மாட்டேன் என்றான். கோசிமா கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். "எனக்கு என் பால்கனி போதும். அதைத்தானே எடுத்துக்கிட்டாங்க" என்றான்.

விழா நாள் வந்தது. கட்டடத்தில் பாதிப் பேர் உடுத்திக்கொண்டு அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். இப்பாட்சியாவும் மூத்த மகனும் போனார்கள். மற்றவர்கள் வீட்டில் டிவி முன்னால். கோசிமா டிவியைச் சமையலறைக்குக் கொண்டு வந்து, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். வறுத்த மிளகாயும் ரொட்டியும் தட்டில் வைத்தாள். ஒரோன்சோ தொடவில்லை.

கூத்து என்னவென்றால், டிவியில் கைதட்டல் வருவதற்கு முன்பே துணிக்கு அப்பாலிருந்து கைதட்டல் வந்துவிட்டது. முரசு அடிக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும், அதற்குப் பிறகுதான் டிவியில் முரசுக்காரன் கையை ஓங்குவான். எல்லாம் இருநூறு அடி தூரத்தில் நடக்கிறது, ரோமில் இருக்கும் டிவி நிலையம் வரை போய்ச் சுற்றி வந்து இவர்கள் சமையலறையில் விழுகிறது. சிறிது நேரம் கழித்து ஒரோன்சோ நாற்காலியைத் திருப்பினான். டிவிக்கு முதுகைக் காட்டி, நீலத் துணியைப் பார்த்து உட்கார்ந்தான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான், பக்கத்து அறையில் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி.

கோசிமாவால் அதைத் தாங்க முடியவில்லை. சந்தைப் பையிலிருந்து மட்டிக் கத்தியை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"காத்து வரல."

"கோசிமா, போலீஸ் வருவாங்க."

"வரட்டும். அஞ்சு மாடி ஏறி வரட்டும்."

பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு எட்டி, துணியில் கத்தியைக் குத்தினாள். எளிதில் இறங்கவில்லை. மட்டி ஓட்டைவிட முரடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு அழுத்தினாள். சரக்கென்று இறங்கியது. மேல்நோக்கி இழுத்தாள், பிறகு குறுக்கே, பிறகு மறுபடி கீழே. வெட்டிய துணி மடிந்து வெளிப்பக்கமாகத் தொங்கியது. மாலை வெளிச்சம் சமையலறைத் தரையில் வந்து விழுந்தது. அதோடு காற்றும் வந்தது, முரசும் கொடிகளும் வந்தன.

அவள் ஒரோன்சோவின் நாற்காலியைக் கம்பி வரை தள்ளினாள். பிரேக்கைப் போட்டாள். பிறகு தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் புல்லைத்தான் தேடினான். புல் தெரியவில்லை, புல்லின் மேல் முழுக்கப் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். மேடையின் மேல் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் அலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"பாவிங்க" என்றான். குரல் உடைந்தது. "பலகைக்குக் கீழ காத்தே போகாது. வெந்து போயிரும். ஒரு வாரத்துல மஞ்சளாயிடும் பாரு."

"உலகமே ஆடுது, நீ புல்லுக்கு அழறே."

"வேற யாரு அழுவா?"

அப்போது தொலைபேசி மணி அடித்தது. வடக்கே தூரின் நகரத்திலிருந்து அவள் தங்கை இம்மாகொலாத்தா.

"அக்கா! டிவியில நீ! டிவியில நீ தெரியறே!"

"என்னடி உளர்றே?"

"ஹெலிகாப்டர்ல இருந்து காட்டறாங்க. கடல் படம் இருக்குல்ல, அதுல ஒரு பாய்மரக் கப்பல். பாய் இருக்க வேண்டிய இடத்துல நீயும் அத்தானும் உட்கார்ந்திருக்கீங்க! அத்தான் பனியன் போட்டிருக்கார்! ஏதாவது நல்ல சட்டை போடச் சொல்லு!"

கோசிமா திரும்பி டிவியைப் பார்த்தாள். அறிவிப்பாளருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் அது கலைஞரின் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டி வைத்த பொம்மைகள் என்றார். அப்போது பொம்மைகளில் ஒன்று மூக்கைச் சொறிந்தது. "இல்லை, மனிதர்கள்தான்" என்றார் அறிவிப்பாளர். "உண்மையான மனிதர்கள்."

அந்த வார்த்தை கட்டடத்தில் எல்லா வீட்டு டிவியிலும் ஒலித்தது. எதிர்வீட்டில் இப்பாட்சியாவின் இளைய மகன் இருந்தான். சீட்டு இரண்டுதான் என்பதால் அவனுக்குக் கிடைக்கவில்லை. "கோசிமா மாமி கிழிச்சிட்டாங்கடா!" என்று அவன் போட்ட கூச்சல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிடம் அவன் வீட்டுப் பக்கம் துணி கிழியும் சத்தம். பிறகு நான்காம் மாடியில். பிறகு எங்கெங்கோ. ரொட்டிக் கத்தி, தோட்டக் கத்தரிக்கோல், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஒலிவ மரத்திலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். அலைக்குள்ளிருந்து குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அரங்கத்தில் கிழக்கு முகமாக உட்கார்ந்திருந்தவர்கள் மேடையை விட்டுவிட்டு இங்கே பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒரு போலீஸ்காரன் வந்தான். சின்ன வயது. கதவருகே நின்று மூச்சு வாங்கினான். கோசிமா தண்ணீர் கொடுத்தாள்.

"மூடுங்கம்மா. மேலிடத்து உத்தரவு."

"வெட்டினதை எப்படிப்பா மூடறது?"

அவன் யோசித்தான். பிறகு குனிந்து, தொங்கிய துணியைப் பிடித்து மேலே தூக்கி, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றான். கனமான துணி. ஒரோன்சோ அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"தம்பி, எவ்வளவு நேரம் நிப்பே? இன்னும் நாடுங்க வரவே இல்லை."

சற்று நேரத்தில் அவன் கை ஓய்ந்துபோயிற்று. விட்டுவிட்டான். எல்லா மாடியிலும் ஓட்டை இருப்பதை எட்டிப் பார்த்தான். "இத்தனை கை எங்ககிட்ட இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நாடுகளின் அணிவகுப்பு கிழக்குப் படிவரிசையை ஒட்டித் திரும்பியபோது, சான் மரினோ என்ற குட்டி நாட்டின் சிறிய கூட்டத்தில் ஒரு பெண் மேலே பார்த்துக் கையாட்டினாள். பிறகு அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஆட்டினார்கள். கிழிந்த கடலிலிருந்து பேட்டை முழுக்கக் கை நீட்டி ஆட்டியது. கோசிமாவுக்குக் கண் கரித்தது. புகை என்றாள். அப்போது வாணவேடிக்கை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

மறுநாள் பத்திரிகைகளில் மேடையைவிட அந்தத் துணிதான் பெரிதாக வந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. சந்தையிலேயே சண்டை. உலகத்துக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்றான் எடைக்காரன். "என் மச்சான் பிரான்ஸ்ல இருந்து போன் பண்ணி, உங்க ஊர்ல மனுஷங்க துணிக்குப் பின்னாலதான் குடியிருக்காங்களான்னு கேக்கறான்" என்றான்.

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் கோசிமா. "பொய்யா?"

குழு துணியைக் கழற்றவில்லை. புதிது தைக்க நேரமில்லை. ஓட்டைகளோடு தொங்கிற்று. போட்டிகள் நடந்த நாளெல்லாம் ஒரோன்சோ ஈட்டி எறிவதையும் தடை தாண்டுவதையும் கப்பல் பாயின் நடுவிலிருந்து பார்த்தான்.

நிறைவு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சர்னெல்லி மறுபடி வந்தார். இந்த முறை கையில் அட்டைப் பெட்டிகள். முகத்தில் அதே சிரிப்பு, இன்னும் கொஞ்சம் அகலமாக. பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தக் காட்சி பிடித்துவிட்டதாம். டிவி நிலையத்துக்குப் பாராட்டு மழையாம். அதனால் நிறைவு விழாவிலும் பேட்டைக்காரர்கள் ஓட்டைகளில் வந்து நிற்க வேண்டுமாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, மார்பில் நீல அலை. பச்சை விளக்கு எரியும்போது எல்லோரும் சேர்ந்து கையாட்ட வேண்டும். ஓட்டைகளின் ஓரத்தைக்கூட மடித்துத் தைத்துக் கொடுப்பார்களாம்.

"தானா நடந்த மாதிரியே இருக்கணும்" என்றார்.

கோசிமா சட்டையைப் பிரித்துப் பார்த்தாள். நல்ல துணிதான். "தானா நடந்ததுக்கு ஒத்திகை உண்டா சார்?"

"ஒரே ஒரு தடவை. நாளை மாலை."

"லிஃப்ட்?"

சர்னெல்லி குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒத்துழைச்சா நான் அலுவலகத்துல ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன்."

"லிஃப்ட் எங்க கட்டடத்துல ஓட வேண்டியது சார். கையாட்டினா குடுக்கிற கூலி இல்லை அது." சட்டையை மடித்து அவர் பெட்டியிலேயே போட்டாள். "அன்னிக்கு நாங்க கையாட்டினது அந்தப் பொண்ணு கையாட்டினதால. விளக்கு எரிஞ்சதால இல்லை."

இந்த முறையும் கட்டடம் அவள் பக்கம் நிற்கவில்லை. பெட்டிகள் காலியாயின. இப்பாட்சியா நான்கு சட்டை வாங்கினாள். மாடிப்படியில் இருவருக்கும் வாய்ச்சண்டை.

"உனக்கு எல்லாம் சண்டைதான் அக்கா. மறைச்சாலும் சண்டை, காட்டினாலும் சண்டை. அவங்க இறங்கி வந்து கேக்கறாங்க, அப்பவும் முறைச்சுக்கிட்டு நிக்கறே."

"கேக்கலடி. ஒத்திகைக்கு வரச் சொல்றாங்க."

"பெரிய ராணி நீ!"

"ராணி இல்லை. குரங்கும் இல்லை."

இப்பாட்சியா கதவை அறைந்து சாத்தினாள். இருபது வருடப் பழக்கத்தில் அவள் அந்தக் கதவை இவள் முகத்துக்கு எதிரே சாத்தியது அதுதான் முதல் முறை. கோசிமா இரவுச் சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டாள்.

நிறைவு விழா மாலையில் பேட்டையே வெள்ளையும் நீலமுமாக ஓட்டைகளில் வரிசையாக நின்றது. கோசிமா அன்று காலையே படுக்கை விரிப்புகள், ஒரோன்சோவின் நீண்ட கால்சட்டைகள், அவளுடைய சந்தை மேலங்கி எல்லாவற்றையும் துவைத்திருந்தாள். பால்கனியில் கொடி கட்டி, ஓட்டை வழியே வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாக உலர்த்தினாள். விரிப்புகளை இரு பக்கமும் ஒதுக்கி நடுவில் ஒரோன்சோவை உட்கார வைத்தாள். அவன் பனியனோடுதான் இருந்தான். நல்ல சட்டை எடுத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்றான். பச்சை விளக்கு எரிந்தது. கட்டடம் முழுக்கக் கையாட்டியது. இவர்கள் இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஹெலிகாப்டர் இரண்டு முறை சுற்றியது. ஐந்தாம் மாடி வரும்போது படம் சட்டென்று வேறு பக்கம் போயிற்று என்று பிறகு தங்கை சொன்னாள். நீண்ட ஓட்டத்தில் கடைசியாக வந்த ஒரு தாடிக்காரன் மற்ற வீரர்களோடு களத்துக்குள் வந்தபோது ஒரோன்சோ இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அந்த விசிலை ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவள் கேட்டதே இல்லை.

அதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விடவில்லை. நாடு முழுவதிலிருந்தும் பார்த்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பத்திரிகை ஒரோன்சோவின் படத்தைப் போட்டு, 'ஜன்னலுக்காக ஏங்கிய மனிதன்' என்று தலைப்பு வைத்தது. அழுதோம் என்றார்கள், மெழுகுவத்தி ஏற்றினோம் என்றார்கள். ஒருநாள் மிலானோவிலிருந்து ஒரு பொட்டலம். பிரித்தால் விலை உயர்ந்த தொலைநோக்கி. முகம் தெரியாத ஒரு பெரிய மனிதர் அனுப்பியிருந்தார், இனி எல்லா ஆட்டத்தையும் அருகில் இருப்பது போலப் பார்த்து மகிழுங்கள் என்று.

கோசிமாவுக்குப் பிடித்திருந்தது. கண்ணில் வைத்துத் துறைமுகத்தைப் பார்த்தாள். "கப்பல்ல பேர்கூடத் தெரியுதுய்யா!"

ஒரோன்சோவின் முகம் கறுத்துப் போயிற்று. "கீழ வை அதை."

"ஏன்?"

"தொலைநோக்கி அனுப்பியிருக்கான். அப்படின்னா என்ன அர்த்தம்? நான் சாகிற வரைக்கும் மேலயே உட்கார்ந்திருப்பேன்னு அவனே முடிவு பண்ணிட்டான். எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க." சக்கரத்தை அடித்தான். "நீ எனக்கு ஜன்னல் வெட்டினே, சரி. எனக்கு வேண்டியது ஜன்னல் இல்லடி. கீழ போகணும்."

"நாலு வருஷமா நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"பசங்களைக் கூப்பிடு."

இப்பாட்சியாவின் கதவை அவள்தான் தட்ட வேண்டியிருந்தது. நிறைவு விழாவுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இப்பாட்சியா கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"அந்த ஆளு இறங்கறாராம்."

இப்பாட்சியா அவளைத் தள்ளிக்கொண்டு கோசிமாவின் வீட்டுக்குள் ஓடினாள்.

இறக்கினார்கள். மூத்தவன் முன்னால், இளையவன் பின்னால், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி. ஒரோன்சோ கண்ணை மூடிக்கொண்டு, "இடிக்காதீங்கடா, மெல்லடா" என்று கத்திக்கொண்டே வந்தான். தெருவுக்கு வந்ததும் மதுக்கடைக்கா, கடற்கரைக்கா என்று கேட்டார்கள்.

"வீட்டுவசதி அலுவலகத்துக்கு."

அங்கே காத்திருப்போர் அறையின் நடுவில் நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுக்கொண்டான். எழுத்தர் வந்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

"போறதுக்கு வழி இல்லைங்க. லிஃப்ட் ஓடல. ஓடினா போறேன்."

இரவில் பேட்டையில் கீழ்த்தளத்து வீடு ஒன்றில் படுக்கை கொடுத்தார்கள். காலை அலுவலகம் திறக்கும்போது மறுபடி அங்கே இருந்தான். கோசிமா சந்தைக்குப் போய், உடைக்க வேண்டிய மட்டியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாளியைக் காலுக்கிடையில் வைத்து, வேலையை ஆரம்பித்தாள். ஜூலை மாதம். கூரையில் ஒரே ஒரு மின்விசிறி. மத்தியானத்துக்குள் மட்டி வாசனை இரண்டாம் மாடி இயக்குநர் அறை வரை ஏறியது.

"அம்மா, இது அலுவலகம்" என்றார் எழுத்தர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"தெரியும் சார். நானும் அலுவலாத்தான் இருக்கேன்."

கட்டடத்திலிருந்து ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். இப்பாட்சியா கத்தரிக்காய்ப் பொரியலும் ரொட்டியும் கொண்டு வந்தாள். அவள் அந்த அலைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். கோசிமா பார்த்தாள், ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். போலீஸைக் கூப்பிடலாமா என்று அலுவலகம் யோசித்தது. டிவியில் வந்த மனிதனை நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கும் படம் பத்திரிகையில் எப்படி வரும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு மெக்கானிக்குகள் பேட்டைக்கு வந்தார்கள். ஒன்றரை நாள் வேலை, ஒரோன்சோ லிஃப்ட்டில் ஏறி வீட்டுக்கு வந்தான். நாலு வருடம் கிடக்கவிட்டது ஒன்றரை நாள் வேலைக்குத்தான் என்று தெரிந்தபோது கோசிமா மெக்கானிக்குகளை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர்கள் பாவம், வேலை செய்ய வந்தவர்கள்.

தொலைநோக்கியை ஒரோன்சோ இப்பாட்சியாவின் இளைய மகனுக்குக் கொடுத்துவிட்டான்.

குளிர்காலத்தில் துணியைச் சேதப்படுத்திய வழக்கு, சிறு வழக்குகளைப் பார்க்கும் சமாதான நீதிபதியிடம் வந்தது. முதல் ஓட்டை போட்டவள் என்பதால் கோசிமாவை மட்டும் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் முடித்துவிடலாம் என்று குழுவின் வக்கீல் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"செய்ததுக்கு வருத்தப்படறீங்களா?"

"வருத்தம்தான் ஐயா."

வக்கீல் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் சின்னதா வெட்டிட்டேன். அவர் நாற்காலியில இருந்து பார்த்தா வடக்கு மூலை தெரியல."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சற்று நேரம் இருமினார். அடுத்த தவணை என்றார். அந்தத் தவணைக்குள் விழாக் குழுவே கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கை நடத்த யாரும் வரவில்லை.

முதல் விசாரணை நாளில் சந்தை வேலை கெட்ட எரிச்சலோடு அவள் வீட்டுக்கு வந்தாள். நீதிமன்றத்தில் என்ன சொன்னாள் என்று ஒரோன்சோவிடம் சொல்ல வாய் துடித்தது. சமையலறையில் அவன் இல்லை. பால்கனியிலும் இல்லை. எட்டிப் பார்த்தால், தெருமுனை மதுக்கடை வாசலில், அரங்கத்துப் புதுப் பையனை முன்னால் நிறுத்தி வைத்து, கையை வீசி வீசிப் புல்லைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பையன் தப்பிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! மேல வா! பாஸ்தா போடப் போறேன்!"

அவனுக்குக் கேட்டது. கேட்டது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் திரும்பவில்லை.

"இறங்கத் தெரிஞ்சதும் ஏறத் தெரியாம போச்சு பாரு" என்று இப்பாட்சியா காதில் விழும்படி சொல்லிவிட்டு, கோசிமா அடுப்பில் தண்ணீரை வைத்தாள்.